மெயில் வருது, போகமாட்டேங்குது: செட்டிநாட்டுக் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, ஆடிட்டர் ஆபீஸ்: அண்ணே, ஃபைபர் லைனை வேறு கம்பெனிக்கு மாத்தினதுல இருந்து அவுட்லுக்ல மெயில் வருது, அனுப்பினா அவுட்பாக்ஸ்லயே நிக்குது. பிரவுசர்ல அதே கணக்கு நல்லாப் போகுது.

பிரவுசரில் போகிறதென்றால் கணக்கில் கோளாறு இல்லை. மெயில் வாங்கும் சர்வர் வேறு, அனுப்பும் சர்வர் வேறு. அக்கவுண்ட் செட்டிங்ஸில் அவுட்கோயிங் (அனுப்பும்) சர்வரின் பெயரைப் பாருங்கள். பழைய இணையக் கம்பெனியின் சர்வர் அங்கே இருந்தால் அதுதான் வினை. இத்தகைய சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த லைனிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். மெயில் கணக்கு யாருடையதோ, அவர்களுடைய எஸ்எம்டிபி சர்வரையே, அதாவது மெயில் அனுப்பும் சர்வரையே போடுங்கள்.

அடுத்தது போர்ட், அதாவது சர்வரில் இணைப்பு நுழையும் வாசலின் எண். 25 என்று இருந்தால் மாற்றுங்கள். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள் ஸ்பேம் அனுப்பாதிருக்க, வீட்டு இணைப்புகளில் அதைப் பல கம்பெனிகள் அடைத்துவைக்கும். திறக்கச் சொல்லி கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டுவது வீண். என்கிரிப்ஷன் (மெயிலைப் பூட்டி அனுப்பும் முறை) கட்டத்தில், 587 போட்டால் ஸ்டார்ட்-டிஎல்எஸ், 465 போட்டால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். ஜோடி மாறினால் இணைப்பே கிடைக்காது. அவுட்கோயிங் சர்வருக்கும் பாஸ்வேர்ட் தேவை என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் 'ரிலே' (வெளியாருக்கு மெயிலைக் கடத்துவது) மறுப்பு என்று 550 என்ற பிழை எண் வரும்.

இன்னும் சந்தேகமா? போன் ஹாட்ஸ்பாட்டில் அனுப்பிப் பாருங்கள். போனால் லைன் அல்லது ரவுட்டர் பக்கம் தேடுங்கள், போகாவிட்டால் செட்டிங்ஸ் பக்கம்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: ஜிமெயில்ல 25 எம்பி வரைக்கும் போகும்கிறாங்க. டிசைன் போட்டோ 20 எம்பிதான், அவுட்லுக்ல அனுப்பினா திரும்பி வருது.

இணைப்புக் கோப்பு எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கும். அதில் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். உங்கள் 20 எம்பி 27ஐத் தொட்டுவிடும். 18க்குள் வையுங்கள், அல்லது டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

கானாடுகாத்தான், தங்கும் விடுதி: பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறோம், ஜிமெயில் 535னு பிழை எண் காட்டித் தள்ளுது. பழைய மெயில் சாஃப்ட்வேர்தான்.

வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் சாஃப்ட்வேர்களுக்குக் கூகுள் கதவடைத்துவிட்டது. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்ட்' உருவாக்கி, அந்த 16 எழுத்தைப் போடுங்கள். பின்னால் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் இது செத்துவிடும். புதிதாக எடுக்க வேண்டும்.

தேவகோட்டை: கோயில் குடமுழுக்கு அழைப்பை 700 புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) ஒரே நாள்ல அனுப்பப் பார்த்தோம். பாதியில நின்னுருச்சு. லைன் கோளாறாண்ணே?

லைன் மேல் பழி போடாதீர்கள். சாதாரண ஜிமெயிலில் 24 மணி நேரத்துக்கு 500 பேர்தான். பிசிசியில் (மற்றவர்களுக்குப் பெயர் தெரியாத கட்டத்தில்) போட்டாலும் தலைக்கு ஒன்று என்றே எண்ணும். ஒரு நாள் விட்டுவிட்டு மிச்சப் புள்ளிகளுக்கு அனுப்புங்கள். பிழை எண் 4ல் தொடங்கினால் பொறுத்தால் போகும். 5ல் தொடங்கினால் காரணத்தைச் சரிசெய்யாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை.