பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன், போதுமா?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர் வியாபாரிகளுக்கு பில், டிசைன் படம் எல்லாம் ஜிமெயிலில்தான் போகும். புதன்கிழமை ராத்திரி, மெயில்பாக்ஸ் நிறைந்துவிட்டது, 24 மணி நேரத்தில் மெயில் நின்றுவிடும் என்று ஒரு மெயில் வந்தது. அதிலிருந்த பட்டனைத் தட்டி பாஸ்வேர்டு போட்டேன். போனில் ‘நீங்கள்தானா?’ என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டேன். மறுநாள் காலையில் மகள்தான் பார்த்துவிட்டு, அது பொய் மெயில் என்றாள். உடனே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இது போதுமா? போனை ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டுமா? அந்த லிங்கையும் அனுப்பியிருக்கிறேன், தொடக்கத்தில் கூகுள் பெயர்தானே இருக்கிறது?

பதில்: பாஸ்வேர்டு மட்டும் போதாது. போன் ரீசெட் தேவையில்லை. நீங்கள் ஒரு பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்தீர்கள், அவ்வளவுதான். ஏதாவது ஆப்பை இறக்கி இன்ஸ்டால் செய்திருந்தால் கதை வேறு. வெறுமனே ரீசெட் செய்தால் போனில் இருக்கிற படங்களும் கணக்கும் போகும், திருடனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த ‘நீங்கள்தானா?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் பொய்ப் பக்கத்தில் பாஸ்வேர்டு போட்ட அதே நிமிடம், அதை எடுத்து எவனோ உண்மையான ஜிமெயிலில் போட்டிருக்கிறான். கூகுளுக்குச் சந்தேகம் வந்து உங்களிடம் கேட்டது. உள்ளே விட்டது நீங்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை; புதன் ராத்திரியிலிருந்து வியாழன் காலை வரை ஒரு ஆள் உங்கள் மெயிலுக்குள் இருந்தான் என்று வைத்துக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்ய வேண்டும்.

ஒரு ராத்திரியில் அவன் என்ன செய்திருப்பான்? ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடும் ஒருவர் இதே போல மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றியும், அட்வான்ஸ் அனுப்பிவிட்டதாகச் சொல்லும் வாடிக்கையாளர்களின் மெயில் மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால், ஒரே ஒரு ஃபில்டர், அதாவது வருகிற மெயிலைத் தானாகப் பிரித்து அனுப்பும் விதி. ‘பேமெண்ட்’ என்ற சொல் இருக்கிற மெயில் எது வந்தாலும் இன்பாக்ஸுக்கு வராமல், வேறொரு முகவரிக்கு ஒரு பிரதி போய்விட வேண்டும் என்று திருடன் எழுதி வைத்திருந்தான். பாஸ்வேர்டு மாற்றினால் ஃபில்டர் அழியாது. போன் ஆப்பில் அந்தப் பக்கமே தெரியாது. அதனால்தான் அவர் கண்ணுக்கு அகப்படவில்லை.

ஆகவே கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்குப் போங்கள். முன்பின் தெரியாத பிரவுசிங் சென்டர் வேண்டாம், மகளின் லேப்டாப் இருந்தால் நல்லது. ஜிமெயில் செட்டிங்ஸில் எல்லா செட்டிங்ஸும் காட்டச் சொல்லி, ஃபில்டர்கள் இருக்கிற டேபையும், ஃபார்வர்டிங் டேபையும் பாருங்கள். நீங்கள் போடாதது எது இருந்தாலும் சந்தேகம்தான். அப்படியே சென்ட், டிராஷ் இரண்டையும் புரட்டுங்கள். அழித்த மெயில் டிராஷில் 30 நாள் கிடக்கும். உங்கள் பெயரில் யாருக்காவது எழுதிவிட்டு அழித்திருந்தால் அங்கே அகப்படும்.

பிறகு கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கம். மீட்புக்கான போன் எண்ணும் மெயிலும் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலில், தெரியாததை எல்லாம் வெளியேற்றுங்கள். கணக்கோடு இணைந்திருக்கிற வெளி ஆப்களில் அறியாதவற்றின் அனுமதியை ரத்து செய்யுங்கள். கடைசியாக இன்னொரு முறை பாஸ்வேர்டை மாற்றுங்கள். வேறு எங்கும் போடாத பாஸ்வேர்டாக இருக்கட்டும்.

(மீட்பு எண்ணை அவன் மாற்றி உங்களையே வெளியே தள்ளியிருந்தால், பழைய எண்ணை வைத்து 7 நாள் வரை மீட்கும் வாய்ப்பை கூகுள் தருகிறது. வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போனில், அதே வீட்டு வைஃபையில் முயல வேண்டும்.)

குரோமில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பழக்கம் உண்டா? அப்படியானால் அவையும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. வங்கி, ஜிஎஸ்டி தளம், சமூக ஊடகம் என்று வரிசையாக மாற்ற வேண்டியதுதான். பணம் இருக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள். மெயிலில் இ-ஆதார் பிடிஎஃப் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பூட்டுப் போட்ட கோப்புதானே என்று விட்டுவிடாதீர்கள். அதன் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். இரண்டும் அதே மெயிலில் எங்காவது கிடக்கும்.

உங்கள் தொழிலுக்கு நான் உண்மையில் பயப்படுவது இனிமேல்தான். பில் அனுப்பும் மெயில் கையில் கிடைத்தவன் வங்கிக் கணக்கைத் தேடி வர வேண்டியதில்லை. உங்கள் பழைய பில்லையே எடுத்து, கீழே கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, “வங்கி மாறிவிட்டது, இதில் போடுங்கள்” என்று வியாபாரிக்கு அனுப்பினால் போதும். அவர் நம்பிப் போடுவார். வெள்ளியும் போய் காசும் போய் நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் பாக்கி இருக்கிற ஒவ்வொரு வியாபாரிக்கும் இன்றே போன் செய்யுங்கள். மெயில் வேண்டாம், குரலில் சொல்லுங்கள்: கணக்கு மாறவில்லை, மாறினால் நானே கூப்பிட்டுச் சொல்வேன். வெட்கமாக இருக்கும். ஊரில் பலரும் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொண்டு பணத்தை விடுகிறார்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வாடிக்கையாளரே ரகசியத்தைக் கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவருடைய நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பது முக்கியம். புகார் எண்ணோடு குறித்து வையுங்கள். சேலத்தில் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. அந்தப் பொய் மெயிலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

நீங்கள் அனுப்பிய லிங்கையும் பார்த்தேன். தொடக்கத்தில் கூகுள் பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் சேலம் பஸ் ஸ்டாண்டில் ‘ஏற்காடு காபி’ என்று பலகை மாட்டியிருந்தால் கடை மலைமேலா இருக்கிறது? முகவரியில் வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டை (/) கண்டுபிடியுங்கள், தொடக்கத்தில் வரும் இரட்டைக் கோடு (//) கணக்கில் இல்லை. அதற்கு ஒட்டி முன்னால் நிற்கும் பெயர்தான் சொந்தக்காரன். உங்கள் லிங்கில் அங்கே கூகுள் இல்லை, நான் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர்.

இதெல்லாம் முடிந்த பிறகு, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ போட்டுக்கொள்ளுங்கள். விரல்ரேகையால் திறக்கும், பொய்த் தளத்தில் அது வேலையே செய்யாது, ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ‘ஆமாம்’ அழுத்துகிற தொல்லையும் இல்லை. போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய கூகுள் தரும் பேக்கப் கோடுகளைப் பட்டறைக் கணக்கு நோட்டில் எழுதி, நோட்டைப் பீரோவில் வையுங்கள்.

ஃபில்டர் பக்கத்தில் எதையாவது கண்டால் அழிப்பதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்த முகவரிக்குப் பிரதி போனது என்று போலீஸில் முதலில் கேட்பார்கள்.