கேள்வி பதில்: என்எஃப்எஸ் (சர்வர்ல இருக்கற ஃபோல்டரை நெட்வொர்க் வழியா நம்ம மெஷின்ல மவுண்ட் பண்ணி, அதாவது இணைச்சு, பயன்படுத்தற முறை) மவுண்ட் தகராறு, கிளையண்ட் (அதைப் பயன்படுத்தற மெஷின்) பக்கம்

திருப்பூர், டிசைன் ரூம்: ஏனுங்ணா, கரண்ட் போய் வந்தா உபுண்டு மெஷின்ல டிசைன் ஃபோல்டர் காலியாக் கெடக்குதுங்க. கையால மவுண்ட் பண்ணினா வந்துருது.

கரண்ட் வந்ததும் உங்க மெஷின் முந்திக்குதுங்க. சர்வர் டிஸ்க்கைச் சரிபார்த்துட்டு நிதானமாத்தான் வரும். நீங்க பார்க்கறது மவுண்ட் ஆகாத வெறும் டைரக்டரி. அந்நேரம் யாராச்சும் அதுல ஃபைல் சேமிச்சா லோக்கல் டிஸ்க்ல போய் உக்காந்துக்கும். மவுண்ட் ஆனதும் கண்ணுக்குத் தெரியாது. "டிசைன் காணோம்"னு வர்ற பஞ்சாயத்துல இதையும் பாருங்க: யூமவுண்ட் பண்ணிட்டு (மவுண்ட்டை எடுத்துட்டு) உள்ள தேடுங்க. எஃப்எஸ்டேப் (எதை எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) வரியில அண்டர்ஸ்கோர் நெட்டெவ், நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் மூணையும் சேர்த்து ரீபூட் பண்ணுங்க. ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் ஆகும்.

கோவை, பம்ப் கம்பெனி: சின்ன ஃபைல் திறக்குதுங்க. பெரிய கேட் (CAD வரைபட) ஃபைல் காப்பி போட்டா "சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்"னு தொங்குது. சாஃப்ட் மவுண்ட் போட்டுடலாமுங்களா?

வேண்டாமுங்க. ஹார்ட் மவுண்ட் தொங்கும், ஆனா சர்வர் திரும்பினதும் விட்ட இடத்துல தொடரும். சாஃப்ட், சில முயற்சிக்கப்புறம் பிழை சொல்லிக் கைவிட்டுரும்; பாதி எழுதின கேட் ஃபைல்தான் மிச்சம்.

சின்னது போய் பெருசு நின்னா முதல்ல எம்டியூ (ஒரு பாக்கெட்ல போகக்கூடிய அதிகபட்ச அளவு) மேலதான் சந்தேகம். பிங்ல "மைனஸ் எம் டூ" (-M do, பாக்கெட்டை உடைக்காதேன்னு அர்த்தம்) போட்டு அளவு 1472 அனுப்புங்க. 28 பைட் ஹெட்டரோட சேர்ந்து 1500. உங்க மெஷின்ல எம்டியூ 9000-னு (ஜம்போ, பெரிய பாக்கெட்) வெச்சிருந்து, 1472 போகுது, 8972 போகலைன்னா, நடுவுல இருக்கற ஸ்விட்சோ எதிர்ப்பக்கமோ அதை விடலை. எல்லாத்தையும் 1500-க்குக் கொண்டாந்துடுங்க. ரெண்டும் சரியாப் போச்சுன்னா கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாத்திப் பாருங்க.

இன்னொண்ணு: டைமியோ (பதிலுக்குக் காத்திருக்கற நேரம்) கணக்கு நொடியில இல்லீங்க, பத்துல ஒரு நொடி. 30-னு போட்டா 3 நொடிதான். டிசிபிக்கு வழக்கமான 600-ஐயே விட்டுருங்க.

ஈரோடு, பிரிண்டிங் யூனிட்: சர்வர்ல டிஸ்க் மாத்தி, அதே பேர்ல டேட்டாவைக் காப்பி பண்ணினோமுங்க. இப்ப "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்".

கிளையண்ட் கையில இருக்கறது பேர் இல்லீங்க, பழைய டிஸ்க்கோட ஐநோட் எண் (ஃபைலுக்கு டிஸ்க் வெச்சிருக்கற உள் எண்). புது டிஸ்க்ல அது செல்லாது. அந்த ஃபோல்டர்ல நிக்கற டெர்மினல், புரோகிராம் எல்லாத்தையும் மூடி, "யூமவுண்ட் மைனஸ் எல்" கொடுத்து, மறுபடி மவுண்ட் பண்ணுங்க. சர்வர் ரீபூட் ஆகும்போதெல்லாம் இதே வந்தா, எக்ஸ்போர்ட்ஸ் (எந்த ஃபோல்டரை யாருக்குக் கொடுக்கறதுன்னு சொல்ற சர்வர் ஃபைல்) வரியில எஃப்எஸ்ஐடிக்கு (ஃபைல் சிஸ்டத்தோட அடையாள எண்) ஒரு நிலையான எண் கொடுங்க. 0 வேண்டாம், என்எஃப்எஸ் 4-ல அது எல்லா எக்ஸ்போர்ட்டுக்கும் மேல இருக்கற ரூட் டைரக்டரிக்குன்னு ஒதுக்கினது.

கரூர், எக்ஸ்போர்ட் ஆபீஸ்: "ஆக்சஸ் டினைட் பை சர்வர்". நேத்து வரைக்கும் ஓடுச்சுங்க.

சர்வரே மறுத்திருக்குது, அதனால கேபிளைத் தொட வேண்டாம். டிஎச்சிபில (ஐபியைத் தானாக் கொடுக்கற சேவை) உங்க ஐபி மாறிருக்கும், இல்லைன்னா எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலை யாரோ திருத்திருக்காங்க. திருத்தும்போது கவனமுங்க, ஐபிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவுல ஒரு இடைவெளி விழுந்தாப் போதும்: உள்ள இருக்கற ஆர்டபிள்யூ (படிக்க, எழுத அனுமதி) ஊருக்கெல்லாம் போயிரும், உங்க ஐபிக்குப் படிக்க மட்டும் அனுமதி. திருத்திட்டு "எக்ஸ்போர்ட்எஃப்எஸ் மைனஸ் ஆர்ஏ" அடிங்க, சர்வீஸ் ரீஸ்டார்ட் தேவையில்லை.

பொள்ளாச்சி: ஓனர் எல்லாம் "நோபடி"ன்னு காட்டுது.

ரூட்டா உருவாக்கின ஃபைல் மட்டும்னா அது ரூட் ஸ்குவாஷ் (கிளையண்ட்டோட ரூட் யூசரை சர்வர் "நோபடி"யா மாத்தற பாதுகாப்பு), அப்படியே விடுங்க. எல்லா ஃபைலும்னா ரெண்டு பக்கமும் ஐடிமேப்டி கான்ஃப்ல (யூசர் பேர்களைப் பொருத்தற செட்டிங் ஃபைல்) டொமைன் வரி ஒண்ணா இருக்கோணும். மாத்தினதும் "என்எஃப்எஸ்ஐடிமேப் மைனஸ் சி".

தாராபுரம்: "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன்"னு வருதுங்க.

என்எஃப்எஸ்-காமன் பேக்கேஜ் போடலீங்க. ரெட் ஹேட் வகைன்னா என்எஃப்எஸ்-யூட்டில்ஸ்.