யூபிஎஸ்ஸா, ரேமா? சேர்வரின் பதிவேட்டைப் பார்த்த பின் வாங்குங்கள்

கேள்வி: சம்மாந்துறையில் நெல் ஆலை ஒன்றின் கணக்கு வேலைகளைக் கவனித்து வருகிறேன். பாவித்த சேர்வர் (அலுவலகத்தின் மையக் கணினி) ஒன்றை ஆறு மாத உத்தரவாதத்துடன் வாங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வேலை நேரத்தில் தானாக நின்று மீண்டும் இயங்குகிறது. மின்சாரத்தில்தான் குறை, மின்தடையின்போது மின்சாரம் தரும் யூபிஎஸ் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள் என்கிறார் விற்றவர். கல்முனையில் கணினி திருத்துபவரோ ரேம் (தற்காலிக நினைவகம்) முழுவதையும் மாற்றச் சொல்கிறார். எதற்குச் செலவழிப்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஆலைக் கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் இன்றே பிரதியெடுத்துவிட்டு, சேர்வர் தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் நின்றுபோனாலும் தனியாக இயங்கும் கண்காணிப்புச் சில்லு ஒன்று பெரும்பாலான சேர்வர்களில் உண்டு. டெல் சேர்வர்களில் அதை ஐடிராக் என்றும் எச்பிஈ சேர்வர்களில் ஐஎல்ஓ என்றும் அழைப்பார்கள். வெப்பம், மின்னழுத்தம், விசிறி, ரேம் ஆகியவற்றில் குறை தோன்றும்போது அது தேதி, நேரத்துடன் நிகழ்வுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதை மடிக்கணினியின் பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம். திறந்ததும் முழுப் பதிவேட்டையும் ஒரு கோப்பாகச் சேமியுங்கள், ஏனெனில் மஞ்சள் விளக்கை அணைப்பதற்காக யாரேனும் பதிவேட்டை அழித்துவிட்டால், விற்றவரிடம் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இராது.

அடுத்து, சேர்வர் நின்ற நேரங்களைப் பதிவுகளுடன் ஒப்பிடுங்கள். சேர்வருக்குள் மின்சாரம் வழங்கும் பகுதியான பவர் சப்ளைக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் தடைப்பட்டதாக அதே நேரத்தில் பதிவு இருந்தால், விற்றவர் சொல்வதில் நியாயம் உண்டு. கேபிள், பிளக், யூபிஎஸ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பவர் சப்ளையே பழுதடைந்ததாகப் பதிவாகியிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த யூபிஎஸ் வாங்கியும் பயனில்லை. விண்டோஸின் பதிவில் 41 என்ற இலக்கத்துடன் தெரியும் கேர்னல்-பவர் செய்தியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். முறைப்படி அணைக்கப்படாமல் இயந்திரம் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

ரேம் விடயத்தில் பதிவேடு இன்னும் துல்லியமானது. எப்போதாவது ஒருமுறை, சேர்வர் தானாகவே திருத்திக்கொண்ட பிழை பதிவாவதில் பெரிய கவலை இல்லை. அது ரேம் பொருத்தப்படும் துளைகளில் (ஸ்லொட்) ஒன்றிலேயே மீண்டும் மீண்டும் வந்தாலோ, திருத்த முடியாத பிழை என்று பதிவானாலோ, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த ரேமை இன்னொரு துளையிலுள்ள ரேமுடன் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பிழை ரேமுடன் சேர்ந்தே இடம் மாறினால் அந்த ஒரு ரேம்தான் பழுது. பழைய துளையிலேயே தொடர்ந்தால் மதர்போர்டையோ ப்ராசசரையோ சந்தேகிக்க வேண்டும். அது உங்கள் பணத்தில் திருத்த வேண்டிய குறையே அல்ல, உத்தரவாதத்தின் கீழ் விற்றவர் பொறுப்பேற்க வேண்டியது. பதிவேடு ஒரு துளையை மட்டும் காட்டும்போது ரேம் முழுவதையும் மாற்றச் சொல்வது வாடிக்கையாளருக்கு வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து.

முடிவு தெரிந்ததும் பதிவேட்டின் அச்சுப் பிரதியை இணைத்து விற்றவருக்குக் கடிதமாகவே எழுதுங்கள். தொலைபேசியில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். அவர் மறுத்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்து மூலம் சேர வேண்டும். உத்தரவாதம் ஆறு மாதம் என்றாலும் இந்தக் காலக்கெடுவில் உங்களுக்கு எஞ்சியிருப்பது ஒரு மாதமே. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடிதத்தின் பிரதி, பதிவேடு ஆகிய நான்கையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வழிமுறையில் ஐயமிருந்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.