வாசகர் கேள்வி – பதில்: ஜோ விற்ற கூந்தல்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு 'லிட்டில் விமன்' நாவலை வாங்கிக் கொடுத்தேன். படித்து முடித்தவள், "இதில் வரும் பெண்கள் எல்லோரும் விட்டுக்கொடுத்துக்கொண்டேதானே இருக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருக்க வேண்டுமா, அம்மா?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் மகள் கவனமாகப் படித்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் காலையில் தங்களுக்கென்று வைத்திருந்த உணவை நான்கு சகோதரிகளும் பட்டினி கிடக்கும் ஹம்மல் குடும்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதிலிருந்தே கதை விட்டுக்கொடுத்தலின் கதையாகத்தான் நகர்கிறது. ஆனால் அவள் இன்னொரு முறை படிக்க வேண்டிய ஓர் இரவு அதில் இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் படையினருக்குப் பாதிரியாராகச் சென்ற தந்தை வாஷிங்டன் மருத்துவமனையில் ஆபத்தான நிலையில் கிடப்பதாகத் தந்தி வருகிறது. தாய் உடனே புறப்பட வேண்டும். கையில் பணம் போதாது. இரண்டாவது மகள் ஜோ, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்த் தன் நீண்ட கூந்தலை விற்று, 25 டாலரைக் கொண்டுவந்து தாயின் முன் வைக்கிறாள். எல்லோர் முன்னும் தைரியமாகப் பேசுகிறாள். அன்று இரவு, உறங்கிவிட்டாள் என்று நினைத்த தங்கை விசும்புவதைக் கேட்ட மூத்தவள் மெக், அப்பாவை நினைத்து அழுகிறாயா என்று கேட்கிறாள். இப்போது அதற்காக இல்லை, என் முடிக்காக என்கிறாள் ஜோ. செய்ததற்காக வருந்தவில்லை, முடிந்தால் நாளையும் செய்வேன் என்று அவளே சொல்கிறாள். ஆனாலும் அழுகிறாள்.

அந்த அழுகையை நூலாசிரியர் லூயிசா மே ஆல்காட் மறைக்காமல் எழுதியிருப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவரும் 1862இன் இறுதியில் ஜார்ஜ்டவுனில் போர்க்கால மருத்துவமனையொன்றில் செவிலியாகச் சேர்ந்து, சில வாரங்களிலேயே டைபாய்டு கண்டு வீடு திரும்பியவர். அந்த நோயில் தன் நீண்ட கூந்தலை இழந்தபோது, தன்னிடமிருந்த ஒரே அழகு போய்விட்டதே என்று நாட்குறிப்பில் வருந்தினார். நாவலில் ஜோவின் வெட்டிய முடியைப் பார்த்ததும் வீட்டில் எழும் கூக்குரலிலும் அதே சொல் வருகிறது. தியாகம் செய்தவள் சிரித்த முகத்தோடுதான் இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் எதிர்பார்ப்பதைப் போல இந்த நாவல் எதிர்பார்க்கவில்லை. கொடுத்ததற்கு ஒரு விலை உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. பொறுமையின் வடிவமாகத் தோன்றும் தாயே, நான் அநேகமாக ஒவ்வொரு நாளும் கோபப்படுகிறேன், நாற்பது ஆண்டுகள் முயன்றும் அதை அடக்கத்தான் முடிந்தது, ஒழிக்க முடியவில்லை என்று ஜோவிடம் மனம் திறக்கிறாள். நீங்களும் உங்கள் மகளிடம் அப்படிப் பேசிப் பாருங்கள். நீங்கள் எதை எதை விட்டுக்கொடுத்தீர்கள், அவற்றில் எது இன்னும் வலிக்கிறது என்று அவள் உங்கள் வாயாலேயே கேட்கட்டும்.

கேள்வி: சுதந்திரமாக வாழப்போகிறேன் என்று சொல்லிவந்த ஜோ, கடைசியில் பேராசிரியர் பேயரை மணந்துகொள்வது ஏமாற்றமாக இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: எனக்கும் ஏமாற்றம்தான். ஆசிரியருக்கும் அதில் முழு விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. 1868இல் முதல் பாகம் வெளிவந்ததும், யார் யாரை மணப்பார்கள் என்று கேட்டுப் பெண்கள் கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குத் திருமணம் ஒன்றுதான் இலக்கா என்று அவர் நாட்குறிப்பில் சலித்துக்கொண்டார். ஜோ எழுத்தாளராக, மணமாகாதவளாகவே இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் ஒரு கடிதத்திலும் எழுதினார். அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. இந்த நாவலின் காப்புரிமையை மொத்தமாக விற்றுவிடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டு, அந்த வருமானத்தில் பெற்றோரின் கடன்களை அடைத்தார்.

ஆனால், மழையில் ஒரு குடைக்கடியில் மணத்துக்குச் சம்மதிக்கும்போதுகூட ஜோ ஒரு நிபந்தனை வைக்கிறாள் என்பதை மறந்துவிடக் கூடாது. குடும்பச் சுமையில் என் பங்கை நான் சுமப்பேன், வீட்டுக்காக நானும் சம்பாதிப்பேன், இதற்கு ஒப்பாவிட்டால் வர மாட்டேன் என்கிறாள். அது வெறும் பேச்சல்ல. முன்பே ஒரு கதைக்குப் பரிசாகக் கிடைத்த 100 டாலரில் தங்கை பெத்தையும் தாயையும் கடற்கரைக்கு அனுப்பிவைத்தவள் அவள். அடுத்தடுத்து எழுதிய கதைகள் இறைச்சிக் கடைக்காரரின் பாக்கியைத் தீர்த்தன, தரைக்குப் புதிய கம்பளம் வாங்கித் தந்தன. தன்னை மணக்க விரும்பிய பக்கத்து வீட்டுச் செல்வந்தரின் பேரன் லாரியை அவள் மறுத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவனுடைய செல்வத்தில் அவள் எழுத்துக்கு இடமிருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: மெக் வெறும் குடும்பப் பெண்ணாகவே நின்றுவிடுகிறாளே? (வாசகி, ஈரோடு)

பதில்: 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிடுவோம். இரட்டைக் குழந்தைகளோடு அவள் தனியாகத் திண்டாடும்போது, கணவனையும் குழந்தை வளர்ப்பில் சேர்த்துக்கொள் என்று தாய் அறிவுரை சொல்வது 1869இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில். அந்த அறிவுரை இன்றும் பல வீடுகளில் சொல்லப்பட வேண்டியிருக்கிறது.

கேள்வி: பெற்றோரைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்டவள் நான். உடன்பிறந்தவர்கள் "நீ எங்கள் வீட்டு பெத்" என்று புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி ஏனோ எனக்குச் சுமையாக இருக்கிறது. (வாசகி, சேலம்)

பதில்: அந்தச் சுமைக்கான காரணம் நாவலிலேயே இருக்கிறது, அம்மா. தாய் வாஷிங்டனில் இருந்த நாட்களில் ஹம்மல் வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. அந்த வீட்டுக்குத் தினமும் போய்வந்துகொண்டிருந்த பெத், எனக்குத் தலை வலிக்கிறது, இன்று உங்களில் யாராவது போக முடியுமா என்று கேட்கிறாள். ஜோ தன் ஜலதோஷத்தையும் வெளியே அடிக்கும் காற்றையும் காரணம் காட்டுகிறாள். மெக் நாளைக்குப் போகிறேன் என்கிறாள். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, பெத் தானே மெல்ல எழுந்து போகிறாள். அந்தக் குழந்தை அவள் மடியிலேயே உயிர்விடுகிறது. அங்கே தொற்றிய செங்காய்ச்சலிலிருந்து பிழைத்தாலும், பழைய உடல்நிலை அவளுக்குத் திரும்பவே இல்லை. அவள் வெளியே போன அந்த நேரத்தில் மெக் புது உடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோ கதை எழுதிக்கொண்டிருந்தாள்.

பெண் எழுத்தாளர் ஒருவர் தன் சாயலில் படைத்த நாயகியைப் பற்றி இப்படி எழுதியது சாதாரணமான நேர்மையல்ல. ஒருத்தியின் சுதந்திரத்துக்கு இன்னொருத்தியின் மௌனம் முட்டுக்கொடுத்து நிற்கலாம் என்பதை அவர் தெரிந்தே எழுதியிருக்கிறார். பெத் யாரிடமும் சண்டை போடவில்லை. தன் எதிர்காலத்தைப் பற்றித் தான் ஒரு திட்டமும் போட்டதே இல்லை என்று பின்னொரு நாள் ஜோவிடம் சொல்கிறாள். நீங்கள் வேலைக்குப் போனவர், திட்டங்கள் வைத்திருந்தவர். ஆகவே நீங்கள் பெத் அல்ல.

உங்கள் உடன்பிறந்தவர்களுக்கு அந்த அத்தியாயத்தைப் படிக்கக் கொடுங்கள். பிறகு, பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டிய அடுத்த தேதியைச் சொல்லி, அன்று அவர்களில் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள்.