அப்பாவை நினைத்தால் சிரிப்பு வருகிறது, தப்பா?

கேள்வி: எனக்கு 38 வயது. சென்னையில் பட்டாளம் பகுதியில் குடியிருக்கிறேன். அப்பா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1996-ல் மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை பார்த்து எங்களை ஆளாக்கினார். அவர் இறந்து அடுத்த மாதம் ஒரு வருடம் ஆகிறது. மில்லில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். தெருவுக்கு அவர் 'பாய்', எனக்கு மாமா. அப்பா போன பிறகும் ஞாயிறுதோறும் வந்து பழைய கதை பேசிவிட்டுப் போவார். இரண்டு மாதம் முன்பு அவரும் போய்விட்டார். இருவரும் கேரம் போர்டு முன்னால் போட்ட சண்டைகளை நினைத்தால் எனக்கு அழுகைக்குப் பதில் சிரிப்புதான் வருகிறது. மாமாவின் சாவுக்குப் போய்வந்த அன்று அப்படி ஒரு கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டேன். "அப்பன் செத்து வருஷங்கூட ஆவல, உனுக்கு இன்னாடா சிரிப்பு?" என்று அத்தை எல்லார் எதிரிலும் திட்டினார். நினைவஞ்சலி போஸ்டரில் இருவர் படத்தையும் சேர்த்துப் போட ஆசைப்படுகிறேன். சித்தப்பா கூடாது என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, சிரிங்க. நீங்கள் பிறந்து வளர்ந்த பக்கத்தில் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள். போனவருடைய நல்ல குணத்தோடு அவருடைய குசும்பையும் சேர்த்துப் பாட்டில் இழுப்பார்கள். அழுதுகொண்டிருந்த சனம் ஒரு வரிக்குச் சிரிக்கும், அடுத்த வரிக்கு மறுபடி அழும். அதை யாரும் மரியாதைக் குறைவு என்று சொல்வதில்லை. உங்கள் சிரிப்பும் அந்த ஊர் வழக்கம்தான். நெஞ்சில் பாசம் இல்லாதவனுக்கு அப்பா போட்ட கேரம் சண்டை எதற்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

அத்தை மேல் வருத்தம் வேண்டாம். உங்களுக்கு அப்பா, அவருக்குக் கூடப் பிறந்தவர். ஒரு நாள் சாயங்காலம் தனியாகப் போய் உட்கார்ந்து, "சின்ன வயசுல அப்பா எப்படி அத்தை இருப்பாரு?" என்று கேளுங்கள். அந்தக் காலத்து அப்பாவைப் பார்த்தவர் உங்கள் வீட்டில் இனி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அப்பாவைவிட மாமாவைப் பற்றித்தான் நீங்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. பிள்ளைகளுக்கு அப்பா என்றால் வீட்டுக்குள் நுழைந்த பிறகு தெரிகிற மனிதர்தான். மில் சங்கு ஊதியதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிய இளைஞனை, சம்பள நாளில் சிரித்துக்கொண்டு வெளியே வந்தவனைக் கூட இருந்து பார்த்தவர் மாமா. ஞாயிறுதோறும் அவர் உங்களுக்கு அந்த இளைஞனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அதுவும் நின்றுபோனது. ஒரே வருடத்துக்குள் அப்பாவை இரண்டாம் தடவை பறிகொடுத்திருக்கிறீர்கள். அன்று சிரித்ததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். கதை சொல்ல ஆள் இல்லாத வீட்டில் நீங்களே சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்.

அதை விட்டுவிடாதீர்கள். பின்னி மில் சாதாரண இடமில்லை. அங்கே நெய்த காக்கித் துணியைப் போலீஸும் இராணுவமும் உடுத்தின. 1918-ல் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, வாடியா, திரு.வி.க. ஆகியோர் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில்காரர்களை வைத்துத்தான் உருவானது. நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். உங்கள் அப்பாவும் மாமாவும் எந்த ஷிப்டில் சேர்ந்து வேலை பார்த்தார்கள், யார் டிபன் பாக்ஸை யார் காலி செய்தது, கேட் மூடிய வாரம் இருவரும் எங்கே போய் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. கூட வேலை பார்த்தவர்கள் புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் பெரம்பூரிலும் இன்னும் இருப்பார்கள். பெரும்பாலோருக்கு வயதாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே வருடக்கணக்கில் கத்திப் பேசிப் பழகியவர்களுக்கு வீட்டிலும் குரல் இறங்காது. கேரத்தில் ரெட் காய்க்கு ஃபாலோ, அதாவது அதைத் தொடர்ந்து போடவேண்டிய காய், விழுந்ததா இல்லையா என்று தெருவே அதிர அப்பாவும் மாமாவும் சண்டை போட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போஸ்டர் விஷயத்தில் சித்தப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் நீங்கள் போகவேண்டிய வீடு மாமாவுடையது. இறந்தவர் படத்தை வைத்து மாலை போடுவதை இஸ்லாமியக் குடும்பங்கள் பலவும் ஏற்பதில்லை. அவர்களைக் கேட்காமல் ஒட்டிவிட்டால், அன்பு என்று நீங்கள் நினைத்துச் செய்தது அவர்களைப் புண்படுத்தும். மாமிக்கு இது இத்தா காலம். கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் இருப்பார்கள், வெளி ஆண்களைப் பார்ப்பதைத் தவிர்ப்பார்கள். அதனால் மாமாவின் பிள்ளைகளிடம் பேசுங்கள். படம் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்பா படத்துக்குக் கீழே, 'பின்னி மில்லில் ஒன்றாகத் தறி ஓட்டி, ஒரே போர்டில் கேரம் ஆடி, கடைசிவரை பிரியாத நண்பர்' என்று எழுதி மாமாவின் பெயரைப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அவர்கள் சரி என்றால் சித்தப்பாவிடம் தன்மையாகச் சொல்லுங்கள். வீட்டுப் படையலைப் பெரியவர்கள் சொல்கிற முறைப்படியே வைத்துக்கொள்ளட்டும், அதில் தலையிடாதீர்கள். தெருவில் ஒட்டுகிற போஸ்டர் மகன் தன் அப்பாவுக்குச் செய்வது. அதில் அப்பாவின் சிநேகிதர் பெயர் இருப்பதால் யாருக்கும் குறை வந்துவிடாது. அவர் மறுத்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

நினைவு நாள் அன்று சாயங்காலம் அந்தப் பழைய கேரம் போர்டைத் துடைத்து, போரிக் பவுடர் தூவித் தெருவில் போடுங்கள். வேலைவெட்டி இல்லாதவன் ஆட்டம் என்று கேரத்தைச் சொன்ன காலம் போய்விட்டது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், மாமாவின் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அத்தைக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

போஸ்டரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாமாவின் மகனிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அவர்களுக்கு வலிக்கும்.