'நிக்நேம்' என்பதில் வரும் 'நிக்' என்ன?

வழக்கொழிந்த 'ஈக்' என்ற ஆங்கிலச் சொல்லின் மிச்சம் அது. 'கூடவே', 'மேலும்' என்று பொருள். 'ஈக்நேம்' என்றால் கூடுதல் பெயர். 'அன் ஈக்நேம்' என்று வேகமாகச் சொல்லும்போது 'ன்' எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று காதுக்குப் பிடிபடாது. 15ஆம் நூற்றாண்டிலேயே அதை 'அ நெக்நேம்' என்று பிரித்து எழுதிவிட்டார்கள்.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. 'நேப்ரன்' ஏப்ரன் ஆனது. 'நூம்பர்' முதலிலிருந்த 'ந்' ஒலியை இழந்து, நம் கிரிக்கெட் அம்பயராக நிற்கிறது. பழைய பிரெஞ்சில் அதற்கு 'இணை அல்லாதவர்', அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்!

ஆரஞ்சையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள், அது தவறு. சமஸ்கிருத 'நாரங்க' வழி வந்த அந்தச் சொல், ஆங்கிலத்துக்குள் நுழையும் முன்பே முதலெழுத்தை இழந்துவிட்டது.