வாசகர் கேள்வி பதில்: சிங்கப்பூர் கோட்டையும் எங்க ஊர் பழைய சடக்கும்

கேள்வி: 1942ல சிங்கப்பூர ஜப்பான்காரன்கிட்ட விடாம காப்பாத்தி இருக்க முடியுமா? பீரங்கி எல்லாம் கடல் பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு, அவன் பின்பக்கமா வந்துட்டான்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. உண்மையா?
- பீடோர் வாசகர்

பதில்: பீரங்கி கதைய முதல்ல முடிச்சிடுவோம், பாதிதான் உண்மை. 15 அங்குல பீரங்கி அஞ்சு இருந்துச்சு, அதுல சிலது திரும்பும், ஜொகூர் பக்கம் திருப்பி சுடவும் செஞ்சாங்க. குண்டுதான் சரியில்ல. கப்பல் தகடை துளைக்க செஞ்ச குண்டு அது, மண்ணுல விழுந்தா புதைஞ்சு போயிடும், காட்டுக்குள்ள நடந்து வர்ற ஆளுங்கள அது என்ன செய்யும்.

இப்ப உங்க பெரிய கேள்வி. முடிஞ்சிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா தீவுக்குள்ள வச்சு இல்ல. அங்க நடந்தது கடைசி ஒரு வாரம், கணக்கு அதுக்கு முன்னாடியே எங்க ஊர் சடக்குல, அதாவது பெரிய ரோட்டுல, முடிஞ்சு போச்சு. நான் இருக்கிறது பேராக் மாநிலத்துல சிலிம் ரிவர், பக்கத்துல துரோலாக். அந்தக் காலத்துல சடக்குக்கு ரெண்டு பக்கமும் கித்தா (ரப்பர்) காடு. ரோட்டை நேராக்குறேன்னு வளைவை எல்லாம் வெட்டி புது ரோடு போட்டாங்க, பழைய வளைவுங்க புல்லு மூடி அப்படியே பக்கத்துல கிடந்துச்சு. 1942 ஜனவரி 7 விடியறதுக்கு முன்னாடி ஜப்பான்காரனோட இருபது முப்பது டாங்கி இந்த சடக்குல வருது, முன்னால தடுப்பு இருந்தா அந்தப் பழைய வளைவுல இறங்கி சுத்திக்கிட்டு தடுப்புக்கு பின்னால ஏறிடுறான்! தடுத்து நிக்க வேண்டிய இந்திய 11வது டிவிஷன் ஆளுங்க ஒரு மாசமா பின்வாங்கி பின்வாங்கி தூக்கம் இல்லாம கிடந்தவங்க, கண்ணிவெடி சரியா புதைக்கல, பாலத்துக்கு வச்ச வெடியும் வெடிக்கல. காலையில எட்டரை மணி வாக்குல டாங்கி சிலிம் ரிவர் பாலத்துக்கே வந்துடுச்சு, பாலத்தையும் தாண்டி போனதுக்கு அப்புறம்தான் ஒரு பீரங்கி முன்னால வந்த டாங்கிய அடிச்சு நிறுத்துச்சு. அதுக்குள்ள ரெண்டு பிரிகேடு இல்லாமப் போச்சு, நாலு நாள்ல கோலாலம்பூரும் போச்சு. எங்க பாட்டி அப்ப சின்னப் பொண்ணு, "அன்னைக்கு பெரட்டு இல்லப்பா, கிராணியே ஓடிட்டாரு"ன்னு மட்டும் சொல்லும் (பெரட்டுன்னா விடியக்காலையில தோட்டத்து ஆளுங்கள கணக்கு எடுக்குறது, கிராணின்னா தோட்டத்து கணக்கப்பிள்ளை), அதுக்கு மேல கேட்டா வெத்தலைய எடுத்து மடிக்க ஆரம்பிச்சிடும்.

வெள்ளைக்காரன்கிட்ட அப்ப மலாயாவுல டாங்கியே இல்ல. ரஷ்யாவுக்கு டாங்கியும் பிளேனும் நூத்துக்கணக்கா கப்பல் ஏறின அதே வருஷம்தான் அது. சரி டாங்கி இல்ல, டாங்கிய நிறுத்துறதுக்கு சிமெண்டு கட்டையும் கண்ணிவெடியும் போதுமே, இஞ்சினியர் தலைவர் பிரிகேடியர் சிம்சன் தலைகீழா நின்னு கேட்டாரு, சடக்குலயும் கட்டலாம் தீவோட வடக்குக் கரையிலயும் கட்டலாம்னு. மலாயா பட்டாளத்துக்கு தலைவரா இருந்த ஜெனரல் பெர்சிவல், தடுப்பு கட்டினா பட்டாளத்துக்கும் சனங்களுக்கும் மனசு விட்டுப் போயிடும்னு வேணாம்னுட்டாரு. எதிரி பாதி நாட்டை தின்னுட்டு வர்றான், இவருக்கு மனசு விட்டுப் போறதுதான் கவலை!

கேள்வி: அப்போ சரியா சண்டை போட்ட இடம் ஒண்ணு கூட இல்லையா?
- அதே வாசகர்

பதில்: இருக்கு, சிலிம் ரிவருக்கு வடக்க இருக்கிற கம்பார். 1941 டிசம்பர் 30லிருந்து நாலு நாள் நின்னாங்க. முன்னால ஈய லம்பம் (சுரங்கம்) வெட்டின திறந்த வெளி, பின்னால குன்று, பீரங்கிக்கு கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தெரியும், ஜப்பான்காரனுக்கு அங்க நல்ல அடி. நிக்க முடியாம போனது எதுனாலன்னா அவன் படகுல வந்து தெலுக் இந்தான் பக்கம் இறங்கிட்டான், அப்ப தெலுக் ஆன்சன்னு பேரு, பின்னால சடக்கை மறிச்சிடுவான்னு இவங்க கிளம்பிட்டாங்க. அந்த மாதிரி படகு ஏதுன்னு கேளுங்க. பினாங்க விட்டு வெள்ளைக்காரங்க கிளம்பினப்போ சின்ன சின்ன படகு எல்லாத்தையும் அப்படியே துறைமுகத்துல விட்டுட்டுப் போனாங்க, ரேடியோ ஸ்டேஷனையும் சேர்த்து. அதுல ஏறித்தான் மேற்குக் கரையோரமா இவங்க முதுகுப் பக்கம் வந்து வந்து இறங்கினான். ஒரு தீக்குச்சி செலவு பண்ணி இருந்தா போதும்.

அதுக்கும் முன்னாடி இன்னொண்ணு. டிசம்பர் 6லயே ஜப்பான் கப்பல் கூட்டத்தை பிளேன்ல போனவங்க பாத்துட்டாங்க. தாய்லாந்துக்குள்ள பூந்து அங்க தெற்குக் கரையில இருக்கிற சிங்கோராவுல அவன் இறங்குறப்பவே அடிக்கணும்னு திட்டமும் ரெடி. தாய்லாந்து நடுநிலை நாடாச்சே நாம முதல்ல போனா தப்பாயிடுமேன்னு வெள்ளைக்காரங்களோட தூரகிழக்கு தலைமைத் தளபதி பிரூக்-போப்ஹம் யோசிச்சு யோசிச்சு நேரம் போச்சு, மழையில காத்து நின்ன பட்டாளத்தை கடைசியில மலாயாவோட வடக்கு எல்லைப் பக்கம் இருக்கிற ஜித்ராவுக்கு திருப்பி தண்ணி நின்ன அரைகுறை பள்ளத்துல இறக்கினாங்க. அது ரெண்டு நாள் கூட தாங்கல.

கேள்வி: தீவுல ஜப்பான்காரன் முப்பதாயிரம், இவங்க எண்பத்தஞ்சாயிரம்னு படிச்சேன். அப்படி இருந்தும் ஏன்?
- தஞ்சோங் மாலிம் வாசகி

பதில்: எண்ணிக்கை ஏறக்குறைய அதுதான்மா. ஆனா அதுல சண்டை தெரியாத சாமான் பிரிவு ஆளுங்க எத்தனையோ பேரு, புதுசா வந்த பிரிட்டிஷ் 18வது டிவிஷனையும் வடகிழக்கு பக்கம் நிறுத்தி வச்சிட்டாரு பெர்சிவல். வந்தது வடமேற்கு, பிப்ரவரி 8 ராத்திரி, அங்க ஆஸ்திரேலியா 22வது பிரிகேடு கைய நீட்டினா பக்கத்து ஆள் தொட முடியாத அளவுக்கு சிதறி நின்னுச்சு, கரை லைட்டைக் கூட போடல. மறுநாள் ராத்திரி தீவோட வடக்குக் கரையில கிராஞ்சியில எண்ணெய் தண்ணியில ஓடி தீப்பிடிச்சு ஜப்பான்காரன் வெந்து போனான், அவனோட ஜெனரல் வேணாம் நிறுத்திடலாம்னு பயந்த நேரம், அந்த நேரத்துல பாத்து இங்க இருந்தவங்க பின்வாங்கிட்டாங்க. நின்னிருந்தா கொஞ்ச நாள் கிடைச்சிருக்கும்னு எனக்கு தோணும்.

கடைசி நாள் 15ம் தேதி ஜப்பான் தளபதி யமாஷிதாவுக்கு குண்டு தீர்ந்துக்கிட்டு இருந்துச்சு, மிரட்டியே சரணடைய வச்சிட்டாரு, அது உண்மை. ஆனா இன்னும் ரெண்டு நாள் அடிச்சிருக்கலாம்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன். குளமெல்லாம் அவன் கையில, குழாய் உடைஞ்சு தண்ணி ரோட்டுல ஓடுது, ஊருக்குள்ள பத்து லட்சம் சனம்.

கேள்வி: நம்ம தோட்டத்து ஆளுங்கள தடுப்பு வேலைக்கு கூப்பிடலையா? அத்தனை பேர் இருந்தாங்களே.
- சுங்கை வாசகர்

பதில்: நல்ல கேள்வி, யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. மலாயாவோட முதல் வேலை கித்தாவும் ஈயமும்னு லண்டன் சொல்லிடுச்சு, அமெரிக்க டாலர் அதுலதான் வருது. அதனால மம்பட்டி பிடிக்க வேண்டிய கை எல்லாம் உளிய பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பட்டாளம் குடுக்குறேன்னு சொன்ன கூலியும் ரொம்ப கம்மி. அப்புறம் ஜப்பான்காரன் வந்து அதே ஆளுங்கள லாரியில ஏத்தி சயாம் ரயில் பாதைக்கு கொண்டு போனான், அதைப் பத்தி நாலு கடிதம் வந்திருக்கு, அடுத்த இதழ்ல எழுதுறேன்.